உள்ளிருந்து உயர்த்துவதா, வெளியிலிருந்து அழைப்பதா: ஃபார்முலா 1 அணித் தலைமை மாற்றங்கள்

2022 டிசம்பர் தொடங்கி மூன்று மாதங்களுக்குள் மெக்லாரன், ஃபெராரி, வில்லியம்ஸ் ஆகிய மூன்று அணிகளுக்கும் புதிய டீம் பிரின்சிபல் (அணித் தலைவர்) வந்தார். ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கியதால் இவற்றை ஒப்பிடுவது நியாயமாக இருக்கும்.

மெக்லாரன் உள்ளிருந்தே ஆளை எடுத்தது. ஆண்ட்ரியா ஸ்டெல்லா 2015 முதல் அங்கே இருந்த இன்ஜினியர். யாருக்குத் திறமை இருக்கிறது, யாருடைய வேலை எங்கே முடங்குகிறது என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். 2023 மார்ச்சில், சீசனில் இரண்டு போட்டிகள் மட்டுமே முடிந்திருந்தபோது, டெக்னிக்கல் டைரக்டர் ஜேம்ஸ் கீ விலகினார். அவர் ஒருவர் பார்த்த பொறுப்பு மூன்றாகப் பிரிந்தது: ஏரோடைனமிக்ஸ் (காரைச் சுற்றிக் காற்று ஓடும் விதம்) பீட்டர் புரோட்ரோமூவுக்கு, கார் கான்செப்ட் டேவிட் சான்செஸுக்கு, இன்ஜினியரிங் நீல் ஹௌல்டிக்கு. 2024 ஜனவரியில் வந்து சேர்ந்த சான்செஸ் மூன்றே மாதத்தில் கிளம்பினார். ஸ்டெல்லா தயங்கவில்லை, அமைப்பை உடனே திருத்தி, ரெட் புல்லிலிருந்து வந்திருந்த ராப் மார்ஷலைச் சீஃப் டிசைனர் ஆக்கினார். என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த முடிவு இதுதான். 1998-க்குப் பிறகு முதல் கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் (இரு கார்களின் புள்ளிகளையும் கூட்டி அணிக்குத் தரும் பட்டம்) 2024-இல் வந்தது, 2025-இல் மீண்டும்.

ஆனால் ஸ்டெல்லாவுக்கு விளைந்த வயல் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மெக்லாரனின் தலைமையகமான வோக்கிங்கில் புதிய விண்ட் டனல் (கார் மாடல்மீது காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூடம்) 2023-இல் இயங்கத் தொடங்கியது. அதைக் கட்டும் முடிவு அவர் தலைவராகும் முன்பே எடுக்கப்பட்டது. அதுவரை மாடல்களைக் கொலோனில் உள்ள டொயோட்டா டனலுக்கு அனுப்பிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

வில்லியம்ஸில் அறுவடைக்கு எதுவும் இல்லை. மெர்சிடிஸிலிருந்து வந்த ஜேம்ஸ் வௌல்ஸ் அங்கே கண்டது, காரின் சுமார் 20,000 பாகங்களையும் ஓர் எக்செல் ஷீட்டில் வைத்து நிர்வகிக்கும் தொழிற்சாலை. ஒரு பாகம் எவ்வளவு செலவாகும், செய்ய எத்தனை நாள் ஆகும், இப்போது எங்கே இருக்கிறது என்பதை அதிலிருந்து அறிய முடியாது. அந்த முறையை மாற்றும்போதே 2024 காரையும் செய்ததால் வேலை தாமதமாகி, மெல்போர்ன் போட்டிக்கு ஸ்பேர் சேஸி (காரின் அடிப்படைக் கூடு) இல்லாமல் போனார்கள். வெள்ளிக்கிழமை அணியின் ஓட்டுநர் ஆல்பன் தன் சேஸியை உடைத்தார். இன்னொரு ஓட்டுநர் சார்ஜென்ட்டின் காரை எடுத்து ஆல்பனிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அணிகள் பட்டியலில் 9-ஆம் இடம். 2025-இல் 5-ஆம் இடமும், ஓட்டுநர் சைன்ஸுக்கு பாகு, கத்தார் போட்டிகளில் போடியமும் (முதல் மூன்று இடங்களுள் ஒன்று). 2024 முடிவை மட்டும் பார்த்து உரிமையாளர்கள் வௌல்ஸை அனுப்பியிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும்.

ஃபெராரியும் வெளியாளைத்தான் அழைத்தது. ஃபிரெட் வாஸர் 2023 ஜனவரியில் வந்தபோது அந்த ஆண்டின் கார் முந்தைய தலைவர் மட்டியா பினோட்டோ காலத்திலேயே உருவாகியிருந்தது. மெர்சிடிஸிலிருந்து எடுத்த இன்ஜினியர் லோயிக் செர்ரா ஃபெராரியில் வேலையைத் தொடங்கியது 2024 அக்டோபரில்தான். கார்டனிங் லீவ் (பழைய அணியை விட்டபின் சம்பளத்தோடு காத்திருக்க வேண்டிய காலம்) முடியாமல் மூத்த இன்ஜினியர்கள் பொதுவாக எதிரணிக்குள் கால் வைக்க முடியாது. வெளியாளைக் கொண்டுவரும் வழியின் உண்மையான விலை இந்தக் காத்திருப்புதான். 2024-இல் பட்டத்தை 14 புள்ளிகளில் தவறவிட்ட அணி, 2025-இல் ஒரு கிராண்ட் பிரிக்ஸ்கூட வெல்லாமல் 4-ஆம் இடத்துக்குப் போனது.

ரெட் புல் கதை வேறு. 2005 முதல் இருந்த கிறிஸ்டியன் ஹார்னர் 2025 ஜூலையில், 24 போட்டிகளில் 12 முடிந்த நிலையில், நீக்கப்பட்டார். சகோதர அணியான ரேசிங் புல்ஸிலிருந்து லோரான் மெக்கீஸ் வந்தார். முதல் பாதியில் அணியின் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனுக்கு 2 வெற்றி, இரண்டாம் பாதியில் 6. எண்களைப் பார்த்து எல்லாப் பெருமையையும் மெக்கீஸுக்குக் கொடுப்பது தவறு. திருப்பத்தைக் கொண்டுவந்ததில் மான்ஸா போட்டியில் வந்த புதிய ஃப்ளோருக்குப் (காரின் அடித்தளத்துக்குப்) பெரும் பங்கு உண்டு. அத்தகைய பாகம் சில வாரங்களில் உருவாவதில்லை. இன்ஜினியரான மெக்கீஸ், காரை செட்டப் செய்யும் முறையை ஓட்டுநரின் கருத்தோடு நெருக்கமாக இணைத்தார் என்பது வரை சொல்லலாம்.

ஆல்பைன் செய்ததை எந்த அணியும் செய்யக் கூடாது. 2023 ஜூலையில், பெல்ஜியத்தின் ஸ்பாவில் போட்டி வார இறுதியின் நடுவே அணித் தலைவர் ஓட்மார் சஃப்னாவரின் வெளியேற்றம் அறிவிக்கப்பட்டது. 34 ஆண்டுகள் அந்த அணியில் இருந்த ஆலன் பெர்மேனும் உடன் போனார். மூத்த இன்ஜினியர் பாட் ஃப்ரை வில்லியம்ஸுக்குப் போனார். பிறகு புரூனோ ஃபாமின், ஆலிவர் ஓக்ஸ், பிரியாட்டோரே எனத் தலைமை கைமாறிக்கொண்டே இருந்தது. 2023-இலும் 2024-இலும் 6-ஆம் இடம், 2025-இல் கடைசி. ஒரு காரின் வடிவமைப்பு முந்தைய ஆண்டே தொடங்கிவிடும். ஆகவே 10, 12 மாதங்களில் போகிறவர் தன் முடிவுகளில் பிறந்த காரைப் பார்ப்பதே இல்லை. அடுத்து வருபவர் தான் கேட்காத காருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, டனலும் ஆட்களும் சரியாக இருந்து முடிவெடுப்பது மட்டும் சிக்கியிருந்தால் உள்ளிருந்தே உயர்த்தலாம். ஹாஸும் 2024-இல் ஸ்டைனருக்குப் பதிலாக ஆயாவ் கொமாட்சுவை அப்படித்தான் உயர்த்தி, 10-இலிருந்து 7-ஆம் இடத்துக்கு வந்தது. தொழிற்சாலையே பழசாகிவிட்டால் வெளியாள் வேண்டும், அவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளும் வேண்டும். புதிய தலைவர் அறிவிக்கப்பட்டதும் முதலில் பார்க்க வேண்டியவை: அவரோடு எந்த இன்ஜினியர்கள் வருகிறார்கள், புதிதாக எடுத்தவர்கள் வேலை தொடங்கும் தேதி என்ன.