“அடுத்த வாரம் போட்டுடறோம்”: புது ஏஜென்சிகள் முதல் வருடத்தில் ஏமாறும் விதம்

விளம்பரம், பிஆர் (மக்கள் தொடர்பு), சோஷியல் மீடியா என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஏஜென்சி தொடங்கியிருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. எல்லாருக்கும் முதல் வருடம் முழுக்க “க்ளையண்ட் கிடைப்பாரா” என்ற பயம்தான். கிடைத்த க்ளையண்ட் பணம் தருவாரா என்று யாரும் பயப்படுவதில்லை. அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏமாற்று முதல் மாதத்தில் தெரியவே தெரியாது. முதல் பில்லுக்குச் சொன்ன தேதியில் பணம் வந்துவிடும். இரண்டாவது பத்து நாள் தள்ளும். மூன்றாவது பில்லுக்கு “பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர் போடல”, “வெண்டார் கோட் இன்னும் ஓபன் ஆகல” என்று அக்கவுண்ட்ஸில் இருந்து பதில் வரும். அதற்குள் தீபாவளி கேம்பெய்ன் நெருங்கியிருக்கும். “இதை முடிச்சுக் கொடுத்துடுங்க, மொத்தமா செட்டில் பண்ணிடறோம்” என்பார்கள். தீபாவளி முடிந்து போய்க் கேட்டால், வேலை சொன்ன மார்க்கெட்டிங் மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். புதிதாக வந்தவர், “இதையெல்லாம் யார் சொல்லிச் செஞ்சீங்க, பேப்பர் இருக்கா?” என்று கேட்பார். இருப்பதெல்லாம் வாட்ஸாப் வாய்ஸ் நோட்டுகள் மட்டும்.

வராத பணத்தோடு நஷ்டம் நிற்பதில்லை. மாதம் 60,000 ரூபாய் ரீட்டெய்னர் (மாதாமாதம் தரும் நிலையான கட்டணம்) என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி 10,800 சேர்த்து பில் 70,800. மாதாமாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்பவர் பில் போட்டதற்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அந்த வரியைக் கட்டியாக வேண்டும். க்ளையண்ட் கொடுத்தாரா இல்லையா என்பது அங்கே கணக்கில் வராது. நாலு மாதம் இழுத்தால் 43,200 ரூபாய் கைக்காசு. தாமதமாகக் கட்டினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கடைசியில் வாராக்கடன் என்று எழுதித் தள்ளினாலும் கட்டிய ஜிஎஸ்டி திரும்பாது, ஏனென்றால் பணம் வரவில்லை என்ற காரணத்துக்காக கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட சட்டத்தில் இடமில்லை. சம்பளமும் வாடகையும் கொடுத்துவிட்டு, வராத பணத்துக்கு வரியும் கட்டுகிற நிலை இது.

அதனால் ரீட்டெய்னரை மாதத் தொடக்கத்திலேயே வாங்குங்கள். முதலில் ப்ரொஃபார்மா (வரிக் கணக்கில் ஏறாத முன் பில்) அனுப்புங்கள். பணம் வந்ததும் டாக்ஸ் இன்வாய்ஸ் (ஜிஎஸ்டி பில்). ஒப்பந்தத்தில் பணம் தர வேண்டிய தேதியைக் குறிப்பிட்டு, அதைத் தாண்டிப் பத்து நாளானால் வேலை நிற்கும் என்று எழுதிவிடுங்கள், எழுதியபடி நிறுத்தவும் செய்யுங்கள். அட்வான்ஸுக்கும் சேவைகளில் ஜிஎஸ்டி உண்டு, எனவே அட்வான்ஸையும் வரி சேர்த்தே கேளுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை சேவை நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. கௌரவத்துக்காக முதல் மாதமே பதிவு செய்துகொண்டு இந்தச் சுமையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, பலரை ஒரே அடியில் சாய்ப்பது: “ஆட் செலவை உங்க கார்டுல போடுங்க, பில்லோட சேர்த்துத் தந்துடறோம்.” மாதம் 5 லட்சம் ரூபாய்க்கு மெட்டா, கூகுள் விளம்பரம், உங்கள் கமிஷன் 15 சதவீதம், அதாவது 75,000. எல்லாவற்றையும் உங்கள் பில்லில் போட்டால் 5,75,000-க்கும் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிப்பார்கள். விளம்பர வேலை ஒப்பந்த வேலைக் கணக்கில் வரும். தனிநபர் நடத்தும் நிறுவனத்துக்கு 1 சதவீதம், கம்பெனிக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் 2 சதவீதம். ஆனால் பல அக்கவுண்ட்ஸ் பிரிவுகள் யோசிக்காமல் தொழில்முறைச் சேவை என்று 10 சதவீதம் பிடித்துவிடுகின்றன. 57,500 போய்விட்டால் அந்த மாதம் கமிஷனில் மிஞ்சுவது 17,500. ரீஃபண்ட் அடுத்த வருடம் வரலாம். பிடித்ததை அவர்கள் அரசுக்குக் கட்டினார்களா என்பதையும் காலாண்டுக்கு ஒரு முறை வருமான வரி போர்ட்டலில் உங்கள் பான் கணக்கில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பவர்களும் உண்டு.

விளம்பரக் கணக்கு க்ளையண்ட் பெயரில், க்ளையண்ட் பணத்தில் ஓடட்டும். மெட்டாவில் அவர்கள் உங்களுக்குப் பார்ட்னர் அனுமதி தரலாம். கூகுளில் உங்கள் மேனேஜர் கணக்கோடு அவர்கள் கணக்கை இணைக்கலாம். அவர்களது ஜிஎஸ்டி எண்ணிலேயே பில் வருவதால் உள்ளீட்டு வரி (கொடுத்த ஜிஎஸ்டியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) அவர்களுக்கே நேராகக் கிடைக்கும் என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். “கார்டு டிக்ளைன் ஆகுது” என்பது சில சமயம் உண்மைதான். 15,000 ரூபாய்க்கு மேல் தானாகக் கழியும் தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அதற்கு வழி, யூபிஐ அல்லது நெட்பேங்கிங்கில் முன்பணமாக ஏற்றி வைப்பது. உங்கள் கார்டு அதற்கு வழியல்ல.

தேர்தல் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவு பேர் அதில் விழுகிறார்கள். பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். கணக்கில் ஏறக் கூடாது என்பதால் “பில் வேண்டாம், ரொக்கமா வாங்கிக்கங்க” என்பார்கள். பாதி வரும். மீதி வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு என்பார்கள். அன்றைக்குப் பிறகு கேட்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. இன்னொரு ஆபத்தும் உண்டு. துண்டறிக்கை, போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. மெட்டாவிலோ கூகுளிலோ உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்து அரசியல் விளம்பரம் ஓட்டினால், பணம் கொடுத்தவர் என்று உங்கள் பெயர்தான் எல்லாரும் பார்க்க நிற்கும். வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி, முழு முன்பணம், முறையான பில் மூன்றும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

ஒரு க்ளையண்டை ஒப்புக்கொள்ளும் முன் பத்து நிமிடம் செலவழியுங்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் அவர்கள் எண்ணைப் போட்டால் ரிட்டர்ன் தாக்கல் செய்த தேதிகள் தெரியும். மூன்று மாதமாகத் தாக்கல் இல்லையென்றால் அங்கே பணமுடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியாக இருந்தால் கம்பெனி விவகாரத் துறை தளத்தில் அதன் நிலை, இயக்குநர்கள், சொத்தின் மேல் பதிவான கடன் எல்லாம் பார்க்கலாம்.

உத்யம் பதிவையும் (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) முதல் பில்லுக்கு முன்பே செய்துவிடுங்கள். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம். 2,000, 3,000 என்று கட்டணம் கேட்கும் தளங்கள் தனியார் தரகர்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிந்தால் எதிர்த்தரப்பு அதையே காரணம் காட்டி வழக்காடும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. சேவை முடிந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். அதனால் மாதக் கடைசியில் செய்த வேலையைப் பட்டியலிட்டு ஒரு மெயில் அனுப்புவதைப் பழக்கமாக்குங்கள். பின்னாளில் உங்களைக் காப்பாற்றுவது அந்த மெயில்தான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கோபத்தில் க்ளையண்டின் பேஜ் பாஸ்வேர்டை மாற்றவோ, வெப்சைட்டை இறக்கவோ வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் புகார் கொடுத்தால் குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள். ஒரிஜினல் ஃபைல்களைக் கொடுக்காமல் வைத்திருப்பது வேறு விஷயம், முழுப்பணம் வந்த பிறகே ஃபைலும் பதிப்புரிமையும் கைமாறும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால். செக் திரும்பினால் வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அவர்களுக்கு 15 நாள் அவகாசம், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஒரு நாள் தவறினாலும் அந்த வழி கடினமாகிவிடும். குறு, சிறு நிறுவனங்களின் பாக்கிக்கான அரசுத் தளத்தில் புகார் கொடுத்தால் அது வசூல் உதவி கவுன்சிலுக்குப் போகும். கவுன்சில் தீர்ப்பை எதிர்க்க வேண்டுமானால் க்ளையண்ட் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

புகாருக்கு முன் ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். மேனேஜருக்கு அனுப்பினால் தூங்கிவிடும், அக்கவுண்ட்ஸ் தலைமைக்கும் அவர்களது ஆடிட்டருக்கும் அனுப்புங்கள். உத்யம் எண், பில் எண், தேதி எல்லாம் இருக்கட்டும். இரண்டு விஷயம் எழுதுங்கள். 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் உங்கள் பில்லில் எடுத்த உள்ளீட்டு வரியை அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். மேலே சொன்ன 15 அல்லது 45 நாள் கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்றும் நிலுவையில் இருந்தால், அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. கடிதத்தை பிப்ரவரி கடைசி வாரத்தில் ஸ்பீட் போஸ்டிலும் மெயிலிலும் அனுப்புங்கள், ஆடிட்டர்கள் வருடக் கணக்கை முடிக்கப் பாக்கிப் பட்டியல் கேட்கத் தொடங்குவது அப்போதுதான்.