மரவள்ளியா, இறால் ஓடா, கடற்பாசியா? மக்கும் படலத்தில் எது தாங்கும்

பாலித்தீன் பைக்கும் உறைக்கும் மாற்றாக மண்ணில் மக்கும் படலம் செய்து பார்க்க, கண்ணாடித் தட்டுகளில் மூன்று கரைசல்களை ஊற்றிக் காய வைத்தேன். ஒன்று மரவள்ளி மாவுச்சத்து, இன்னொன்று இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசன், மூன்றாவது பழுப்புக் கடற்பாசியின் ஆல்ஜினேட். செய்முறை இலை வடாம் போடுவது மாதிரிதான்: கரைத்து, மெல்லிசாக ஊற்றி, காயவிட்டு, உரித்தெடுக்க வேண்டும். உரித்த அன்று மூன்றும் நன்றாகவே இருந்தன. அது சென்னையில் நவம்பர் மாதம். இரண்டு நாள் மழைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் மரவள்ளிப் படலம் ஈரத் துணிபோலத் தொங்கியது. யாராவது "என் படலம் கிழியாமல் இவ்வளவு இழுவிசை தாங்கும்" என்று ஓர் எண்ணைக் காட்டினால், எந்த ஈரப்பதத்தில் அளந்தீர்கள் என்று கேட்கும் பழக்கம் அன்றைக்குத்தான் வந்தது. ஆய்வகங்களில் வழக்கமாக 23 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் அளக்கிறார்கள். நம் கடலோர ஊர்களில் 70 சதவீதம் என்பது சாதாரண நாள்.

முதலில் மரவள்ளி. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் பொருள் என்று தெரியும். விலையில் மற்ற இரண்டும் இதன் அருகில்கூட வராது. 60, 70 டிகிரியில் கஞ்சியாகிவிடும். அமிலமோ காரமோ தேவையில்லை. சிக்கல் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளின் அமைப்பில் இருக்கிறது. மாவுச்சத்தில் நேராக ஓடும் அமிலோஸ், கிளை கிளையாகப் பிரியும் அமிலோபெக்டின் என்று இரண்டு உண்டு. நெருக்கமாகப் படுத்துப் படலத்துக்கு உறுதி தருவது அமிலோஸ். மரவள்ளியில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

எதுவும் சேர்க்காமல் காயவைத்தால், விறைப்பாகக் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி ஆகி மடிப்பிலேயே வெடித்துவிடும். வளைய வேண்டுமென்றால் கிளிசரின் சேர்க்க வேண்டும், மாவின் எடையில் 25, 30 சதவீதம் வரை. சேர்த்ததும் வளைகிறது. ஆனால் தாங்கும் இழுவிசை பெரும்பாலும் ஒற்றை இலக்க மெகாபாஸ்கலுக்கு (இழுவிசையை அளக்கும் அலகு) இறங்கிவிடுகிறது. கடையில் தரும் சாதாரண பாலித்தீன் பை 10 முதல் 20 மெகாபாஸ்கல் தாங்கும், கிழியும் முன் பல மடங்கு நீளவும் செய்யும். அப்புறம் கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கிறது. போதாததற்கு, சில வாரங்களில் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு படலம் முறுகிப்போகிறது. ஃபிரிட்ஜில் வைத்த நேற்றைய இட்லி கெட்டியாவதும் இதே காரணத்தால்தான்.

கைட்டோசன் வேறு ரகம். காய்ந்த படலம் 30 மெகாபாஸ்கலைத் தாண்டுவது சர்வசாதாரணம். அதன் சங்கிலியில் உள்ள அமைன் தொகுதிகள் (நைட்ரஜன் கொண்ட பகுதிகள்) அமிலக் கரைசலில் நேர்மின்னூட்டம் பெறுவதால், பல பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் வளரவிடாமல் தடுக்கவும் செய்கிறது. காய்கறி சுற்ற இதைவிட நல்ல குணம் வேண்டுமா? ஒரு விஷயத்தை மட்டும் நான் பட்டுத்தான் கற்றேன். கைட்டோசன் வெறும் தண்ணீரில் கரையாது, 1 சதவீத அசெட்டிக் அமிலத்தில் கரையும். அந்தக் கரைசலை ஊற்றிக் காயவைத்தால் கிடைப்பது கைட்டோசனின் உப்பு வடிவம். அது தண்ணீர் பட்டதும் கூழாகிவிடுகிறது. என் முதல் படலம் அப்படித்தான் போனது. உரித்த பிறகு நீர்த்த காஸ்டிக் சோடாவில் முக்கி, நன்றாகக் கழுவி, மறுபடி காயவைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஈரத்தில் வீங்குமே தவிர கரையாது.

இதன் குறை கையில் இருக்கும் படலத்தில் இல்லை, அதைத் தயாரிக்கும் இடத்தில் இருக்கிறது. இறால் ஓட்டிலிருந்து சுண்ணாம்பை அமிலம் ஊற்றி நீக்கி, புரதத்தைக் காரத்தால் நீக்கி, கடைசியில் 40, 50 சதவீத காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால்தான் ஓட்டில் மிஞ்சும் கைட்டின் என்ற பொருள் கைட்டோசனாகும். அந்தக் கழிவுநீரை யார் சுத்தம் செய்வது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இதைப் பசுமைப் பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆல்ஜினேட் கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளிலிருந்து வருகிறது. மன்னார் வளைகுடாவில் அவை உண்டு. சோடியம் ஆல்ஜினேட் படலம் தண்ணீரில் கரையும். அதைக் கால்சியம் குளோரைடு கரைசலில் முக்கினால், இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே கால்சியம் அயனிகள் முட்டை அட்டையில் முட்டை உட்கார்வதுபோல உட்கார்ந்து பூட்டிவிடுகின்றன. சூடு வேண்டாம், நச்சு வேதிப்பொருள் வேண்டாம், சில நிமிட வேலை. அந்த மழை வாரத்தில் கடைசிவரை நிமிர்ந்து நின்றது இதுதான். 2019 லண்டன் மாரத்தானில் ஓட்டக்காரர்களுக்குக் குடிக்கக் கொடுத்த பானக் குமிழிகளின் உறையும் கடற்பாசிப் பொருள்தான்.

ஆனால் உப்பு இதன் எதிரி. சோடியம் நிறைந்த நீர் பட்டால் கால்சியம் மெல்ல வெளியேற, பூட்டு தளர்ந்து படலம் வீங்குகிறது. ஊறுகாயை இதில் கட்ட முடியாது. அவசரமாக முக்கினாலும் மேற்பரப்பு மட்டும் சட்டென இறுகிச் சுருங்கி, ஓரங்கள் சுருண்டுகொள்ளும். சிவப்புக் கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகரையும் சேர்த்துப் பார்க்கலாமே என்பீர்கள். நல்ல படலம்தான், செய்வதும் சுலபம். ஆனால் விலையைப் பார்த்தால் பைக்குக் கட்டாது.

சரி, இவற்றை எப்படிப் பலப்படுத்துவது? சங்கிலிகளை ஒன்றோடொன்று வேதிமுறையில் கட்டும் குறுக்குப் பிணைப்பு, நார் கலப்பு என்று இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன. குளுட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள் கைட்டோசனை உறுதியாகப் பிணைக்கும், ஆனால் அது நச்சு. படலம் மஞ்சளாகிவிடும், மண்ணில் மக்குவதும் தாமதமாகும். மக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய வேலையில் அதைச் சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. சிட்ரிக் அமிலம் பாதுகாப்பானது. ஆனால் பிணைப்பு நடக்க 100 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அளவு மிஞ்சினால் அதே அமிலம் மாவுச்சத்தின் சங்கிலிகளை வெட்டி, படலத்தை முன்பைவிடப் பலவீனமாக்கிவிடும்.

நார் வழியைத்தான் நான் நம்புகிறேன். வாழைத்தண்டு நாரிலிருந்தோ கரும்புச் சக்கையிலிருந்தோ பிரித்த நானோ செல்லுலோஸ், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய செல்லுலோஸ் நார், மண்சுவரில் வைக்கோல் மாதிரி வேலை செய்கிறது. செல்லுலோஸும் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிகள்தான் என்பதால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. 3 முதல் 5 சதவீதம் போதும். பலம் கூடும், ஈரம் உறிஞ்சுவதும் குறையும். அதற்கு மேல் போட்டால் நார்கள் திரண்டு கட்டி கட்டியாக நிற்கும், கிழிசல் அங்கிருந்தே தொடங்கும்.

கைட்டோசனையும் ஆல்ஜினேட்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எதிரெதிர் மின்னூட்டம் கொண்டவை என்பதால் கலந்த உடனே திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். அடுக்காக ஊற்றுங்கள். முதலில் ஆல்ஜினேட், அது பாதி காய்ந்ததும் மேலே கைட்டோசன். அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் அதே ஈர்ப்பு பசையாகிவிடும்.

இன்றைக்கு என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஒரு வாரத்துக்குள் பயன்படுத்தித் தீரும் உலர்ந்த பொருளுக்கு நானோ செல்லுலோஸ் கலந்த மரவள்ளி போதும். ஈரமான, உப்பில்லாத பொருளுக்குக் கால்சியம் பூட்டிய ஆல்ஜினேட். கீரையும் பழமும் கட்ட மட்டும், கைட்டோசனை முழுப் படலமாகச் செய்யாமல், ஆல்ஜினேட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் போடுவேன். காஸ்டிக் சோடாச் செலவும் அந்த அளவுக்குக் குறையும்.