போலியோ எதிர்ப்பு: கால் ஊனக் கணக்கா, ரத்த டெஸ்டா?

தடுப்பூசியே போடாத ஊர்ல எத்தனை பேருக்கு தானாவே போலியோ எதிர்ப்பு இருக்குன்னு பாக்க ரெண்டு வழி. ஒண்ணு, கால் விளங்காம போனவங்கள எண்ணுறது. செலவு கம்மி, வீடு வீடா நடந்தா போதும். ஆனா வைரஸ் தொத்துற சுமார் 200 பேர்ல ஒருத்தருக்குத்தான் கை கால் விழும், மத்தவங்க வந்தது போலியோன்னே தெரியாம எதிர்ப்போட நடமாடுவாங்க, அவங்க இந்தக் கணக்குல வரவே மாட்டாங்க.

இன்னொண்ணு ரத்தத்துல ஆன்டிபாடி, அதாவது வைரஸ எதிர்க்க உடம்பே உண்டாக்குற புரதம், இருக்கான்னு பாக்குறது. அலாஸ்காவுல அப்போ பாரோன்னு கூப்பிட்ட ஊர்ப் பழங்குடி மக்கள் ரத்தத்த வச்சு 1950ல ஒரு ஆய்வு வந்துச்சு, கிட்டத்தட்ட 20 வயசு தாண்டினவங்ககிட்ட போலியோ வைரஸோட மூணு டைப்ல டைப் 2க்கான ஆன்டிபாடி இருந்துச்சு, சின்னவங்ககிட்ட இல்ல, அதாவது 20 வருஷம் முன்னாடி வந்துட்டுப் போன வைரஸோட தடம் ரத்தத்துல அப்படியே நிக்குது! இத நினைச்சா எனக்கு இன்னும் புல்லரிக்குது.

ஆனா மூணு டைப்புக்கும் தனித்தனியா டெஸ்ட் பண்ணணும், லேப் வேணும், குழந்தைங்ககிட்ட ஊசி குத்தி ரத்தம் எடுக்கணும். அப்படியிருந்தும் எதிர்ப்பு அளக்கணும்னா என் ஓட்டு ரத்த டெஸ்டுக்குத்தான். நோய் எவ்வளவு பேர முடக்கியிருக்குன்னு காட்டத்தான் கால் கணக்கு, 1970கள்ல கானாவுல ஸ்கூல் பசங்கள வச்சு அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க.