பழைய லேப்டாப் டிஸ்க், லினக்ஸ் மின்ட், மூன்று வருடம்

ஹட்டன் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் ஓடுகிறது. சிஸ்டம் எஸ்எஸ்டியில். குடும்பப் படங்களும் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தின் ஸ்கேனும், பழுதான லேப்டாப்பில் இருந்து கழற்றிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில்.

ராத்திரி எங்கள் தோட்டத்து லயம் (வரிசை வீடுகள்) அடங்கிய பிறகு அதிலிருந்து டக், டக் என்று சத்தம் வரும். டிஸ்க்கின் உடல்நிலையைப் பட்டியலாகக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். அதில் 193 என்ற எண்ணுள்ள வரி, அதாவது தகவலைப் படித்து எழுதும் ஹெட் எத்தனை முறை ஓரமாகப் போய் நின்றது என்ற கணக்கு, நாலே மாதத்தில் 70 ஆயிரம் கூடியிருந்தது. இந்த வகை டிஸ்க்குகளுக்கு 3 லட்சம், 6 லட்சம் என்றுதான் வரம்பு சொல்வார்கள். பயந்துவிட்டேன்.

காரணம் ஏபிஎம் என்ற, டிஸ்க்கின் மின்சாரச் சேமிப்பு அளவு. லேப்டாப் பேட்டரியை மிச்சம் பிடிக்க 128இல் வைத்திருந்தார்கள். டிஸ்க் அமைப்புகளை மாற்றும் எச்டிபார்ம் கட்டளை மூலம், சேமிப்பு மிகக் குறைவான 254 ஆக்கியதும் சத்தம் அன்றைக்கே நின்றது. ஆனால் கணினியைத் தூங்கவைத்து எழுப்பினால் பழைய அளவே திரும்பி வந்தது. எழும்பும்போது மறுபடி அந்தக் கட்டளை ஓடும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்த பிறகுதான் சரியானது.

அப்புறம், வேலை இல்லாதபோது டிஸ்க் சுற்றுவதை முழுதாக நிறுத்துவது. இதை நான் கட்டாயம் செய்யச் சொல்வேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பின்னேரம் இடி இடித்தால் இங்கே கரண்ட் சொல்லாமல் போகும். சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க் அப்போது ஹெட்டை அவசரமாக இழுத்துக்கொள்ள வேண்டும். 192ஆம் வரி அதைத்தான் எண்ணுகிறது. ஏற்கெனவே நின்றுவிட்ட டிஸ்க்குக்கு அந்த அதிர்ச்சி இல்லை.

எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் நிற்க வேண்டும் என்பதையும் எச்டிபார்மில் ஒரு எண்ணாகத்தான் கொடுக்க வேண்டும். முதலில் 241 போட்டேன், அது 30 நிமிடம். டிஸ்க் நிற்கவே இல்லை. இரண்டு வாரம் தேடினேன். டிஸ்க்கின் உடல்நிலையைப் பின்னணியில் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி சேவையும் சரியாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைத் தட்டிப் பார்க்கிறது! 240 வரை ஒவ்வொரு எண்ணும் 5 விநாடி என்பதால் 240 போட்டேன், 20 நிமிடம் ஆனது. நின்ற டிஸ்க்கை எழுப்பாதே என்று ஸ்மார்ட்டியின் அமைப்புக் கோப்பிலும் எழுதினேன். அன்று முதல் ஒழுங்காகத் தூங்குகிறது.

இந்த மூன்று வருடத்தில் 193இல் ஏறியது நாலாயிரம்கூட இல்லை. பத்திரத்தைத் திறந்தால் டிஸ்க் எழும்ப நாலைந்து விநாடி ஆகும், அது எனக்குப் பெரிதில்லை. இன்னொரு பிரதி பண்டாரவளையில் அக்கா வீட்டில் இருக்கிறது.