துரு தடுக்கும் பொடி என்று சொல்லி உப்பை விற்றார்கள்: பிளாஸ்மா மேசை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் சிறிய இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், ஜன்னல் கிரில், கோயில் கதவுகளுக்கான பூவேலைத் தகடு என்று வெட்டிக் கொடுப்பதுதான் தொழில். கடந்த தை மாதம், ஐந்தடிக்குப் பத்தடியில் இரும்புத் தண்ணீர்த் தொட்டி வைத்த பிளாஸ்மா வெட்டு மேசை (மின்சாரச் சுடரால் தகட்டை வெட்டும் இயந்திரம்) ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டேன். தகட்டை வெட்டும்போது கிளம்பும் புகையும் பொறியும் தண்ணீரிலேயே அடங்கிவிடும். நாள் முழுக்க அந்தப் புகையை இழுத்துக்கொண்டு நிற்கும் பையன்களை நினைத்துத்தான் அதை வாங்கினேன்.

மேசையைச் செய்து கொடுத்தவரே 25 கிலோ மூட்டை இரண்டையும் இறக்கினார். வெள்ளை மூட்டை, சிவப்பு நூல் தையல், மேலே ஓர் எழுத்துகூட இல்லை. துரு தடுக்கும் பொடி, கிலோ 220 ரூபாய். என்ன பொடி என்று கேட்டதற்கு “சோடியம் நைட்ரைட்” என்றார். ஒரு குவளைத் தண்ணீரில் கொஞ்சம் கரைத்து, அமிலமா காரமா என்று பார்க்கும் பி.எச். தாளை நனைத்துக் காட்டினார். தாள் கருநீலமாக மாறியது. “பார்த்தீர்களா அண்ணாச்சி, காரம் ஏறிவிட்டது. காரத்தில் இரும்பு துருப்பிடிக்காது. தொட்டிக்குள் எபாக்ஸிப் பூச்சும் அடித்திருக்கிறேன். பத்து வருஷத்துக்குத் துருவைப் பற்றி நினைக்கவே வேண்டாம்” என்றார். தாள் நிறம் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சிமென்ட்டின் காரம்தான். ஆனால் அதே கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கிவிட்டால் கம்பியின் மேல் இருக்கும் காப்புப் படலம் உடைந்து, துரு குழி குழியாகத் தின்ன ஆரம்பிக்கும். கடற்கரைக் கட்டடங்களில் நடப்பது இதுதான். என் தொட்டியிலும் இதுதான் நடந்தது.

தொட்டி கிட்டத்தட்ட 700 லிட்டர் பிடிக்கும். நூறு லிட்டருக்கு ஒரு கிலோ என்று அவர் சொன்ன கணக்கில் ஏழு கிலோ கலந்தோம். பங்குனியில் தண்ணீர் செங்காவியாக மாறியது. போன் செய்தேன். “உங்கள் போர் தண்ணீர் மோசம், பொடியை இரட்டிப்பாகப் போடுங்கள்” என்றார். போட்டோம். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்ற வற்ற, மறுபடி போர் தண்ணீரையே நிரப்பினோம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு எங்கேயும் போவதில்லை. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அது இன்னும் கெட்டியாகிறது என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

வைகாசியில் ஒரு மதியம் நடந்ததை இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் பையன் ஒருவன், பத்தொன்பது வயது, மாங்காய்க் கீற்றைத் தொட்டுத் தின்பதற்கு அந்த மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துவிட்டான். பையன்கள் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, வாய் திறந்த மூட்டையை வைத்திருந்தது என் தவறு. நைட்ரைட் விஷம் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. பார்க்கவும் வெள்ளையாக, உப்பு மாதிரியேதான் இருந்தது. அவனை வண்டியில் உட்கார வைத்துத் திருமங்கலம் அரசு மருத்துவமனைக்கு ஓடினேன்.

அந்த விஷம் இரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க முடியாமல் ஆக்கிவிடும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும் என்று டாக்டர் சொன்னார். மாலை வரை வைத்துப் பார்த்தார்கள். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. “அண்ணே, உப்புக் கரிப்பும் சோடாக் கசப்பும்தான் இருந்தது” என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். கிளம்பும்போது டாக்டர், “அது உண்மையிலேயே நைட்ரைட்தானா?” என்று கேட்டார்.

மறுநாள் என் மகளின் வேதியியல் ஆசிரியரிடம் ஒரு கைப்பிடி கொண்டு போனேன். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் செய்கிற உப்புப் பகுப்பாய்வுதான். நீர்த்த அமிலம் விட்டார். நுரைத்துப் பொங்கியது, ஆனால் நைட்ரைட்டாக இருந்தால் வரவேண்டிய செம்பழுப்புப் புகை வரவே இல்லை. நைட்ரிக் அமிலம் சேர்த்துச் சில்வர் நைட்ரேட் விட்டதும் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது. சலவைச் சோடாவும் சாதாரண உப்பும். தாளை நீலமாக்கியது சோடா. நான் மாதாமாதம் என் கையாலேயே தொட்டியில் கொட்டியது உப்பு.

தண்ணீரை இறக்கிக் கசடை வழித்துப் பார்த்தோம். எபாக்ஸி என்று சொன்னது, தகட்டின் கருஞ்செதிலைக்கூடச் சுரண்டாமல் அடித்த ஒரு கோட்டு சிவப்புப் பிரைமர். தோல் உரிவது போல் உரிந்து வந்தது. கசடு படிந்திருந்த இடங்களில்தான் குழிகள் அதிகம்; கசடுக்கு அடியில் ஆக்சிஜன் எட்டாமல் போவதால் அரிப்பு அங்கேதான் ஆழமாக இறங்கும். 3 மி.மீ. தகட்டில் வெல்டிங் ஓரமாக இரண்டு இடத்தில் ஊசித் துளை. ஆனி மாதம் முழுக்க மேசை ஓடவில்லை. கோயில் வேலை ஒன்று கைவிட்டுப் போனது.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. இந்தத் தண்ணீரில் அலுமினியமும் தாராளமாக வெட்டலாம் என்று அவர் சொல்லியிருந்தார். உருகிய அலுமினியத் துகள் தண்ணீரோடு சேர்ந்தாலே ஹைட்ரஜன் வாயு வரும். சோடா கலந்த காரத் தண்ணீரில் இன்னும் வேகமாக வரும். தகட்டுக்கு அடியில் அந்த வாயு தேங்கி நிற்கும்போது மேலே பிளாஸ்மா சுடர் பட்டால் வெடிக்கும். எங்களுக்கு அலுமினிய வேலை வராததால் தப்பித்தோம். அந்தப் பேச்சை நம்பி யாராவது வெட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள்.

பொடி வாங்கினால் பெயரும் தயாரிப்பாளர் விவரமும் அச்சிட்டதை வாங்குங்கள். பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். நேர்மையாக விற்பவர் மறுக்கமாட்டார். நாக்கில் வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். பி.எச். தாளை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் உங்கள் போர் தண்ணீரையே ஊற்றி, ஒன்றில் மட்டும் சொன்ன அளவில் பொடியைக் கரையுங்கள். இரும்புப் பட்டைத் துண்டு இரண்டை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பாதி முங்க நிறுத்துங்கள். ஒரு வாரம் போதும். துத்தநாகம் பூசிய ஆணியைப் போட்டால் எதுவும் தெரியாது. நான் இதைச் செய்தபோது, பொடி போட்ட பாட்டிலில் இருந்த பட்டையில் நீர்மட்டக் கோட்டருகே குழி விழுந்திருந்தது.

உண்மையான நைட்ரைட்டிலும் அளவு குறைந்தால் ஆபத்து உண்டு. காப்பு எல்லா இடத்திலும் நிற்காமல், விட்டுப்போன இடத்தில் அரிப்பு குவிந்து துளைத்துவிடும். தண்ணீரில் உப்பு கூடக்கூட மருந்தும் கூடுதலாக வேண்டும். அதனால் இப்போது மொட்டை மாடியில் மழைநீரைப் பிடித்துத் தொட்டிக்கு விடுகிறேன். மருந்து கலந்த தண்ணீரைச் சாக்கடையிலோ கண்மாய் வாய்க்காலிலோ திறந்துவிடக் கூடாது.

விற்றவரிடம் பேசினேன். “நானும் மூட்டையாக வாங்கித்தான் விற்கிறேன், எனக்கு என்ன தெரியும்” என்றார். பணம் தரவில்லை. என்னிடம் இருப்பது கையால் எழுதிய துண்டுச் சீட்டு மட்டுமே, ஜி.எஸ்.டி. பில் இல்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கிய பொருளுக்கும் நுகர்வோர் சட்டம் பொருந்தும் என்கிறார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். பில் கேட்டு வாங்கியிருந்தால் என் கை இன்னும் பலமாக இருந்திருக்கும்.

எழுத்தில்லாத வெள்ளை மூட்டை, சிவப்பு நூல் தையல். உங்கள் பட்டறையில் இருந்தால், முதலில் பையன்கள் சாப்பிடும் இடத்திலிருந்து அதை எடுத்துப் பூட்டி வையுங்கள். அதற்குள் இருப்பது உப்பா விஷமா என்று சோதித்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.