கொழும்பு மண்ணில் சுரங்கம்: திறந்த முகமா, ஈபிபியா, ஸ்லரியா?

சுரங்கத்தில் மண் வெட்டப்படும் முன்பக்கம்தான் முகம். அதைத் தாங்காமல் விடுவதா (திறந்த முகம்), வெட்டிய மண்ணின் அமுக்கத்தால் தாங்குவதா (ஈபிபி), அமுக்கமுள்ள களிக்குழம்பால் தாங்குவதா (ஸ்லரி) என்பதே கேள்வி. முகத்துவாரம் பக்கம் மழைநீரைக் கடலுக்கு விடும் வடிகால் சுரங்கம் ஒன்றைக் கணக்குக்கு எடுப்போம். குழாயின் வெளிவிட்டம் 3.6 மீற்றர், மையம் 12 மீற்றர் ஆழம், நீர்மட்டம் 2 மீற்றரில். வெட்டுமுகப் பரப்பு 10.2 சதுர மீற்றர். அதில் 1 வீதம் மண் இழப்பு (கணக்குக்கு மேலாக உள்ளே வந்துவிடும் மண்) என்றால், 1969இல் மண் பொறியியலாளர் பெக் தந்த மணிவடிவத் தாழியின்படி (தரை இறங்கும் பள்ளத்தின் வடிவம்), மணலில் தரை நடுவில் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் இறங்கும். களியில் தாழி அகலம் என்பதால் 7தான்.

திறந்த முகம் மலிவு. மேசன்மார் கபுக் என்கிற இறுகிய லட்டரைட்டில், நீர் இல்லாவிட்டால், முகம் தானாகவே நிற்கும். நீர்மட்டத்துக்குக் கீழே போனால் பம்ப் போட வேண்டும், வில்லங்கம் அங்கேதான். நீரை 2 மீற்றர் இறக்கினால் மண்மீது 20 கிலோபாஸ்கல் கூடுதல் சுமை. கொலன்னாவ சதுப்பு மாதிரி இடத்தில் 3 மீற்றர் தடிப்பில் பீட் (மக்கிய தாவர மண்) இருந்து, அதன் ஒடுங்கற் குணகம் (சுமைக்கு எவ்வளவு ஒடுங்கும் என்ற அளவு) மெகாபாஸ்கலுக்கு 1.5 என்று வைத்தால் இறக்கம் 90 மில்லிமீற்றர். முகத்தில் மண் இழப்பே இல்லாமல் வரும் இறக்கம் இது. நீர் வற்றிய தூரமெல்லாம் பரவும், மாதக்கணக்கில் தொடரும். சதுப்பு ஓரத்தில் இந்த வழியை நான் பேச்சுக்கே எடுக்கமாட்டேன்.

ஈபிபி இயந்திரத்தில் வெட்டிய மண்ணே முகத்தைத் தாங்குகிறது. திருகுக் கடத்தி அளந்து வெளியே விடும். மையத்தில் நீரமுக்கம் 1 பார், அதற்குமேல் 0.2 பார் அளவு வைத்து ஓட்டுவார்கள். நுண்துகள் 30 வீதத்துக்கு மேலுள்ள லட்டரைட் களிக்கு இது பொருத்தம். மண்ணை இளக்கச் சேர்க்கும் நுரை போதாவிட்டால் களி வெட்டுத்தலையில் அப்பிக்கொள்ளும். கடற்கரை மணலிலோ திருகுக்குள் அடைப்பு உருவாகாது. நீர் பீறிடும், அமுக்கம் சரியும், மேலே குழி விழும்.

அந்த மணலுக்கு ஸ்லரிதான். பெண்டனைட் என்ற களியின் குழம்பு முகத்தில் படலம் கட்டும், காற்றுமெத்தை அமுக்கத்தை 0.1 பாருக்குள் பிடித்து வைக்கும். குழம்பிலிருந்து மண்ணை எடுக்கும் பிரிப்பு ஆலைக்கு இடம் வேண்டும். புறக்கோட்டை நெரிசலில் அது எங்கே கிடைக்கும்? லட்டரைட் களியின் நுண்துகளை மணற்பிரிப்பான் பிடிக்காது, சென்ரிபியூஜும் சேர வேண்டும். சதுப்பில் மேல்மண் லேசு என்பதால் அமுக்கம் சற்றுக் கூடினாலே சேறு தரைக்கு வந்துவிடும்.

இரண்டுக்கும் பொதுவான தலைவலி, மேலே மென்மண், கீழே நைஸ் பாறை என்ற கலப்பு முகம். பாறையால் வேகம் குறைய, வெட்டுத்தலை மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

ஆனால் விவாதமெல்லாம் முகத்தைப் பற்றியே நடக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை யாரும் பேசுவதில்லை. குழாயைப் பின்னாலிருந்து தள்ளிச் செல்லும் பைப் ஜாக்கிங்கில் 20 மில்லிமீற்றர் மேலதிக வெட்டு விட்டால், மீற்றருக்கு 0.23 கன மீற்றர். அது 2.2 வீதம், மண் சரிந்து அதை மூடினால் மணலில் 20 மில்லிமீற்றருக்கு மேல் இறக்கம். ஆகவே இயந்திரத்தின் வாலிலிருந்தே பெண்டனைட் நிரப்பி, தள்ளி முடிந்ததும் சீமெந்துக் கூழால் மாற்ற வேண்டும். கூழின் அமுக்கத்தை மட்டும் பார்த்து நிறுத்தக்கூடாது; உள்ளே போன கனவளவும் கணக்கில் பொருந்த வேண்டும்.

வெளிவரும் மண்ணை எடை போட்டால் போதும் என்பவர்களுக்கு: மண்ணை வெளியே கொண்டுவரும் பட்டியிலுள்ள தராசு 3 வீதம் பிழைத்தால், மீற்றருக்கு 0.3 கன மீற்றர் இழப்பு அதற்குள் ஒளிந்துவிடும்.

கரையோர மணலுக்கு ஸ்லரி, உள்பக்க லட்டரைட்டுக்கு ஈபிபி என்பதே என் தெரிவு. ஒரே பாதையில் இரண்டும் வந்தால், இடம் கிடைக்கிற பட்சத்தில் ஸ்லரி. களியைப் பிரிப்பது செலவு மட்டுமே, மணலில் அமுக்கம் போனால் மேலே கடையே உட்காரும்.