மூஞ்சிக்கல் பக்கம் ஒரு டிஷ் கடை: புது டிவி வாங்கியும் படம் மங்கலாகத் தெரிகிறவர்களுக்கு

கொடைக்கானலில் மூஞ்சிக்கல்லில் இருந்து கொஞ்சம் இறங்கி நடந்தால் மளிகைக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. போர்டில் பெயர் மழையில் அழிந்துவிட்டது, ஷட்டருக்கு மேலே சாய்ந்து நிற்கிற பழைய டிஷ் தட்டுதான் அடையாளம். டிவி ரிப்பேர், டிஷ் மாட்டுவது, ரிமோட், ஒயர், அவ்வளவுதான் வியாபாரம். புது டிவி விற்பதில்லை. அதனாலேயேகூட இருக்கலாம், எனக்கு இதுவரை யாரும் சொல்லாததை அங்கே பொறுமையாகச் சொன்னார்கள். டிஜிட்டல் வேறு, ஹெச்டி வேறு. இது தெரியாமல் இரண்டு மாதம் வீட்டில் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன்.

வில்பட்டியில் அப்பா வீடு. 21 இன்ச் பிக்சர் டியூப் டிவி ஒன்று இருபது வருஷத்துக்கும் மேலாக ஓடியது, போன ஐப்பசி மழையில் ஒரு இடிக்கு நின்றுபோனது. தம்பியும் நானும் சேர்ந்து கீழே மதுரைக்குப் போய் ஒரு பெரிய ஷோரூமில் 43 இன்ச் ஃபுல் ஹெச்டி டிவி வாங்கினோம். கடையில் ஓடிய படத்தில் கிளியின் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் செய்தி வாசிப்பவரின் முகமே எண்ணெய் தடவின கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல இருந்தது, ஆட்கள் எல்லாம் குட்டையாகவும் பருமனாகவும் தெரிந்தார்கள், கீழே ஓடுகிற எழுத்தில் பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அப்பா இரண்டு நாள் பார்த்தார், மூன்றாவது நாள் "பழைய பெட்டியே தேவலாம்மா" என்று சொல்லிவிட்டு ரேடியோ பக்கம் போய்விட்டார். எழுபத்தெட்டு வயதில் அவருக்கென்று வாங்கியது, அவரே எழுந்து போனது எனக்குத் தாங்கவில்லை.

ஷோரூமுக்குப் போன் போட்டேன். பத்து நாள் கழித்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு "மலையில சிக்னல் இப்படித்தான் மேடம் இருக்கும்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இது எனக்கு உண்மையிலேயே கோபமாக இருந்தது. தூர்தர்ஷன் டவரை இந்த மலை மேல் வைத்துத்தான் மதுரை, தேனி, திண்டுக்கல் என்று கீழே இருக்கிறவர்களுக்கெல்லாம் படம் அனுப்பினார்கள். அவர்கள் மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பியது எங்கள் மலையைப் பார்த்துத்தான். கொடைக்கானல் எஃப்எம் 100.5 இன்றைக்கும் கீழே எவ்வளவு தூரம் கேட்கிறது என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். மலை என்றால் சிக்னல் இருக்காது என்று எங்களிடமே சொல்லலாமா?

சரி, கடைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் போனேன். கடை அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும், கூட ஒரு பையன். மறுநாள் காலையில் இருவரும் வந்தார்கள். வந்ததும் ரிமோட்டைக் கையில் எடுக்காமல் டிவியைச் சுவரில் இருந்து லேசாக நகர்த்திப் பின்பக்கம் பார்த்தார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள பழைய ஏவி ஒயர்தான் செட்டாப் பாக்ஸில் இருந்து டிவிக்கு வந்துகொண்டிருந்தது. "ஏம்மா, பாக்ஸ் எந்த வருஷம் வாங்கினது?" என்று கேட்டார். அது 2013-இல் மாட்டிய, ஹெச்டி வராத சாதாரண எஸ்டி பாக்ஸ். "அப்ப டிவி மேல குத்தமே இல்ல" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, அப்பாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். எஸ்டி படம் என்பது ஒரு வரிசைக்கு 720 புள்ளி, அப்படி 576 வரிசை, மொத்தம் சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். நாங்கள் வாங்கிய திரையில் ஒரு வரிசைக்கு 1920 புள்ளி, 1080 வரிசை, சுமார் 20.7 லட்சம். வருவது நாலு லட்சம்தான், நிரப்ப வேண்டியது இருபது லட்சம். மீதியை டிவி தானாக ஊகித்துப் பூசிக்கொள்கிறது, அந்தப் பூச்சுதான் எண்ணெய் தடவினதுபோலத் தெரிகிறது. அதுவும் போதாது என்று பாக்ஸுக்குள் டிஜிட்டலாக இருக்கிற படம் அந்த மஞ்சள் முனை ஒயரில் போகும்போது மறுபடி அனலாக்காக, அதாவது அலையாக மாறி, நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து போய், டிவிக்குள் திரும்பவும் டிஜிட்டலாகிறது. பழைய 21 இன்ச் பெட்டியில் இது ஏன் உறுத்தவில்லை என்றால், திரை சின்னது, அந்தக் குழாயே இந்த 576 வரிசைக்காகச் செய்யப்பட்டது. அப்பா சொன்னது சரிதான், அந்தப் படத்துக்கு அந்தப் பெட்டிதான் பொருத்தம்.

எனக்கு வந்த கேள்வியைக் கேட்டேன். "எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சுன்னு சொல்லித்தானே அண்ணே பாக்ஸ் குடுத்தாங்க?" இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறோம் என்று நினைக்கிறேன். அனலாக்கில் இருந்து டிஜிட்டலுக்கு மாறுவது என்பது படத்தை அனுப்புகிற முறை மாறுவது. படம் அலையாக வராமல் எண்களாகச் சுருக்கப்பட்டு வருகிறது. அதே இடத்தில் அதிக சேனல் அடங்கும், அவ்வளவுதான் அதற்குள் இருக்கிற வாக்குறுதி. படம் எத்தனை புள்ளி என்பது தனி விஷயம். எஸ்டியும் டிஜிட்டல்தான், ஹெச்டியும் டிஜிட்டல்தான். 2011-இல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, 2012-இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் தொடங்கி நான்கு கட்டமாக, கடைசிக் கட்டத்துக்கு 2017 மார்ச் 31 கெடு என்று வைத்து, கேபிள் இருக்கிற எல்லா வீட்டிலும் பாக்ஸ் கட்டாயமானதே, அது டிஜிட்டல் மாற்றம். ஹெச்டி மாற்றம் என்று ஒன்றை யாரும் கட்டாயமாக்கவில்லை. பாக்ஸ், ஒயர், சேனல் எல்லாவற்றையும் நாமே மாற்றிக்கொண்டால்தான் உண்டு.

அமெரிக்காவில் 2009 ஜூன் 12 என்று நாள் குறித்துப் பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பை மொத்தமாக நிறுத்தினார்கள், அதற்கு முன்பே பழைய டிவி வைத்திருக்கிறவர்கள் மாற்றுப்பெட்டி வாங்க 40 டாலர் கூப்பனும் கொடுத்தார்கள். நம் ஊரில் அப்படி ஒரு இரவு வரவே இல்லை. தூர்தர்ஷன் அனலாக் டவர்களில் பெரும்பாலானவற்றை 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக நிறுத்தியபோது அதைக் கவனித்தவர்கள் குறைவு, வீடுகள் அதற்கு முன்னாலேயே கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் போய்விட்டிருந்தன. அதனால் என்ன மாறியது, ஏன் மாறியது என்று நமக்கு உட்கார்ந்து சொல்ல யாரும் வரவில்லை. அந்தக் கடை அண்ணன் செய்தது அதைத்தான், அதற்கு அவர் காசு கேட்கவில்லை.

அடுத்து கூரை. மழை வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும், அதையும் சொல்லியிருந்தேன். நாங்கள் இத்தனை நாள் மேகம் இறங்குவதால் என்றுதான் நினைத்தோம். மேகமூட்டம் பெரிதாக ஒன்றும் செய்யாது, கனமழையின் துளிதான் சேட்டிலைட்டில் இருந்து டிஷ்ஷுக்கு வருகிற கேயு பேண்ட் அலையைத் தின்கிறது என்றார், அந்த அலையின் நீளமே இரண்டரை செண்டிமீட்டர் அளவுதான். ஆனால் தூறலுக்கே படம் நின்றால் அது வானத்தின் குற்றம் இல்லை. தட்டின் கை நுனியில் அலையைப் பிடிக்கிற எல்என்பியின் மூடியில் விரிசல் விட்டு உள்ளே ஈரம், ஒயர் முனையில் பச்சைக் களிம்பு. இரண்டையும் மாற்றினார். ஒயரை நேராக ஜன்னல் வழியே உள்ளே விடாமல் வெளியே ஒரு வளைவு கொடுத்துவிட்டார், தண்ணீர் ஒயரோடு ஓடிவந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பாக்ஸ் வரைக்கும் வராது. மலையில் வீடு இருக்கிறவர்கள் இன்றைக்கே உங்கள் ஒயரில் அந்த வளைவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் மரக்கதை ஒன்று. தட்டுக்கு எதிரே சரிவில் இருக்கிற பக்கத்துத் தோட்டத்து சில்வர் ஓக் மரம்தான் மறைக்கிறது, கிளையை வெட்டச் சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், அவர்களுடன் ஒரு மனஸ்தாபமே வந்துவிட்டது. அண்ணன் தட்டைக் காட்டி விளக்கினார். கை கீழே நீட்டியிருக்கிற இந்த வகைத் தட்டின் முகம் எதிரே பார்ப்பதுபோலத் தெரியும், ஆனால் அலை வருவது அதைவிட நன்றாக மேலே இருந்து. எங்களுடைய சேட்டிலைட்டும் டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15-உம் ஒரே இடத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் இருக்கின்றன, கொடைக்கானல் 77.5 பாகையில். ஆக இங்கிருந்து பார்த்தால் தென்கிழக்கில், ஏறக்குறைய 68 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலே. சரிவில் இருக்கிற மரம் குறுக்கே வரவே வராது. மறைத்தது எங்கள் கூரை மேலேயே சாய்ந்திருந்த பைன் கிளை. அதை வெட்டியதும் சிக்னல் குவாலிட்டிப் பட்டை ஏறியது. அன்று சாயங்காலமே அப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

டவர் காலத்தில் மலையின் மறுபக்கம் இருந்தால் படம் இரட்டையாக விழும், குன்று குறுக்கே நின்றால் ஒன்றும் வராது. டிஷ் குன்றைத் தாண்டி மேலே பார்ப்பதால் பூம்பாறை, மன்னவனூர் போன்ற மடிப்புக்குள் இருக்கிற ஊர்களுக்கு இது நல்லதுதான். ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டும், ஒருவர் கூரையில் நின்று திருப்ப, ஒருவர் உள்ளே இருந்து "தெரியுது, தெரியுது, போச்சு" என்று கத்துகிற பழக்கம். அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படம் புள்ளி புள்ளியாகும், அதைப் பார்த்தே திருப்பலாம். டிஜிட்டலில் ஒரு அளவு வரைக்கும் படம் சுத்தமாக வரும், அதற்குக் கீழே போனால் ஒரேயடியாக நிற்கும். மறுபடி வருவதற்கும் சில நொடி ஆகும், அதற்குள் நீங்கள் தட்டைத் தாண்டித் திருப்பியிருப்பீர்கள். கடைப் பையன் கையடக்க மீட்டர் வைத்துத்தான் திருப்பினான், பத்து நிமிஷ வேலை.

ஹெச்டி பாக்ஸை எங்கள் டிஷ் கம்பெனியிலேயே மாற்றி வாங்கச் சொன்னார், அது வந்ததும் இன்னொரு தடவை வந்து, படத்தை டிஜிட்டலாகவே டிவிக்குக் கொண்டுபோகிற ஹெச்டிஎம்ஐ ஒயர் போட்டார். பாக்ஸ் செட்டிங்கில் படம் 576-லேயே இருந்தது, அதை 1080-க்கு மாற்றினார். அப்பாவுக்கு முக்கியமானது படத்தின் வடிவம். சிவாஜி நடித்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அகலம் 4, உயரம் 3 என்கிற 4:3 வடிவம், அதை 16:9 திரைக்கு இழுத்து நிரப்பினால் முகம் அகலமாகும். இழுக்காமல் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு விடுவதுதான் முறை. அதேபோல 1973-இல் தமிழில் சினிமாஸ்கோப் வந்த பிறகான அகலப் படங்களுக்கு மேலும் கீழும் பட்டை வரும், அதுவும் கோளாறு இல்லை. ஓரம் வெட்டுப்பட்டதற்கு டிவியில் படத்தின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்குகிற ஓவர்ஸ்கேன் என்று ஒன்றை அணைத்தார், ஓடுகிற எழுத்து முழுசாக வந்தது.

கூலி: இரண்டு தடவை வந்ததற்கும் சேர்த்து 500 ரூபாய், எல்என்பி, ஒயர், முனைகளுக்குத் தனியாக 650. மொத்த ஹெச்டி பேக் எடுக்க வேண்டாம், ஐயா பார்க்கிற நான்கு சேனலுக்கு மட்டும் ஹெச்டி எடுங்கள், அதே சேனலின் எஸ்டியை மறக்காமல் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டுக்கும் காசு போகும் என்று சொன்னார். இது நான் கேட்காமலே அவர் சொன்னது. இதைவிட அதிகப் புள்ளி உள்ள 4கே டிவி வாங்கியிருக்கலாமோ என்று தம்பி போனில் கேட்டதற்கு, 43 இன்ச்சில் ஆறு அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, சேனலும் அதிகம் இல்லை என்று முடித்துவிட்டார்.

குறைகளும் உண்டு. பில் கொடுப்பதில்லை, கேட்டால் துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறார், வாரன்டி வேண்டுமென்றால் அது உதவாது. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தார், இரண்டாவது தடவை ஒரு நாளே தள்ளிப்போனது. ஏப்ரல், மே சீசனில் காட்டேஜ்காரர்கள் வேலை குவிந்துவிடும், வீட்டு வேலைக்கு அப்போது போகாதீர்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே போய்ச் சொல்லிவைத்து ஒயர் முனைகளைப் பார்க்கச் சொல்வது நல்லது. ஞாயிறு சந்தை அன்று மத்தியானத்துக்கு மேல் கடை இல்லை.

பழைய பெட்டியை அவரே எடுத்துக்கொண்டார். கண்ணாடிக் குழாயில் ஈயம் இருக்கிறது, குப்பையில் உடைத்துப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பையனிடம் தூக்கச் சொன்னார். அப்பா வாசல் வரைக்கும் கூடவே போய், ஜீப்பில் ஏற்றுகிறவரைக்கும் அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். இப்போது ராத்திரி எட்டரைச் செய்தியை நாற்காலியை ஆறடிக்குள் இழுத்துப் போட்டுப் பார்க்கிறார்.